அடைப்புக்குறி சொல்லும் வரலாறு: ஓதவிடைச் சிலந்திகளின் வகைப்பாடும் குருசடைத் தீவும்

உயிரினங்களின் அறிவியற்பெயரை எழுதும் முறையில் ஓர் அடைப்புக்குறி பெருஞ்செய்தியைத் தாங்கி நிற்பதுண்டு. நியூசிலாந்துக் கரைகளில் வாழும் கடற்சிலந்தியின் முழுப்பெயர் டெசிஸ் மரைனா (ஹெக்டர், 1877) என எழுதப்படுகிறது. இராமேசுவரத்தை அடுத்துள்ள குருசடைத் தீவிலிருந்து விளக்கப்பட்ட அதன் உறவினத்தின் பெயரோ டெசிஸ் இனெர்மிஸ் கிரேவ்லி, 1927 என அடைப்புக்குறி இன்றி நிற்கிறது. பெயரிட்டவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டால், அவர் அவ்வுயிரை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார் என்றும், பின்வந்தோர் அதனை எடுத்து இப்பொழுதுள்ள பேரினத்தில் சேர்த்தனர் என்றும் பொருள். அடைப்புக்குறி இல்லையெனில், பெயரிட்டவர் வைத்த இடத்திலேயே அது இன்றும் உள்ளது என்று பொருள். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டைக் காட்டும் அடிக்குறிப்பைப் போன்றதே இதுவும். அதனைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு வழக்கும் அதன் தீர்ப்பும் அங்கே தெரியும்.

அவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் உயிரை அதன் வாழ்முறை கொண்டு வகுப்பதா, உறுப்பமைப்புக் கொண்டு வகுப்பதா என்பதே இவ்வரலாற்றின் உள்ளீடான வினா. தமிழியல் மாநாட்டில் சிலந்திக்கு என்ன இடம் என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறலாம்: குருசடைச் சிலந்திக்குப் பெயரிட்ட அதே அறிஞர்தாம் சென்னை அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு முறையான அட்டவணை கண்டவர்களுள் ஒருவர்.

பேரினமும் அதன் வாழிடமும்

ஆக்லாந்து மாநகரின் கிழக்குப் புறநகரான பாட்டனி டவுன்ஸ், தாவரவியலைப் பெயரில் தாங்கிய ஊர். அங்கிருந்து ஹௌவிக் கடற்கரை அண்மையிலேயே உள்ளது. ஹௌராக்கி வளைகுடாவின் நீர் அங்கு நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. பேரோத நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. மன்னார் வளைகுடாவில் இவ்வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. நீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் இவ்விடைநிலத்தையே ஓதவிடைப் பகுதி என்கிறோம். நெய்தல் நிலத்தின் விளிம்பென இதனைக் கூறலாம். ஆனால் ஈராயிரம் ஆண்டு நெய்தற் பாடல் மரபில் அலவன் ஆடும் ஈரமணலாகவே இது பெரிதும் இடம்பெற்றது.

காற்றை மூச்சாகக் கொள்ளும் சிலந்தி இங்கு வாழ்வது முதற்பார்வையில் வியப்பே. டெசிஸ் பேரினத்தில் பதினாறு இனங்கள் அளவில் அறியப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்கா, சான்சிபார், இலட்சத்தீவு, மன்னார் வளைகுடா, மலாய்த் தீபகற்பம், சப்பான், ஆத்திரேலியா, நியூசிலாந்து, சமோவா, கலாபகசு என இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் கரைகளை ஒட்டியே அவை பரவியுள்ளன. பாறை வெடிப்பு, இறந்த பவளத்தின் பொந்து, வெற்றுச் சிப்பி, கடற்பாசியின் பற்றுவேர் ஆகியவற்றுள் அவை பட்டிழையால் அறை அமைக்கின்றன. நீர் ஏறியதும் அவ்வறைக்குள் சிறைப்பட்ட காற்றைக்கொண்டு வாழ்கின்றன. நீர் வற்றிய இரவுகளில் வெளிவந்து சிறு ஓட்டுயிர்களை வேட்டையாடுகின்றன. முன்னோக்கி நீண்ட பெருந்தாடைகள் இப்பேரினத்தின் முகவடையாளம்.

இனங்களின் இலத்தீன் பெயர்களையும் இங்கேயே நோக்கலாம். மாக்சில்லோசா என்பது தாடை பெருத்தது. வோராக்சு என்பது பெருந்தீனி கொள்வது. ஃபார்மிடாபிலிசு என்பது அச்சமூட்டுவது. இவற்றின் நடுவே நம் கரைக்குரிய இனெர்மிஸ் என்பதற்கு மட்டும் 'படைக்கலம் அற்றது' என்று பொருள். வஞ்சப்புகழ்ச்சி போலத் தோன்றினும் அப்பெயரே நிலைபெற்றது.

இப்பேரினத்துள் பழமையான பெயரை இட்டவர், லின்னேயசின் மாணவரும் டென்மார்க்கு நாட்டவருமான யோகான் கிறித்தியான் ஃபாப்ரிசியசு. 1793இல் அவர் இதனை அரேனியா மாக்சில்லோசா என்றார். அக்காலத்தில் சிலந்தி அனைத்துக்கும் அரேனியா என்ற ஒரே பேரினப் பெயர் பெரிதும் போதுமாயிருந்தது. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து தால்தார்ஃபு திரட்டி அனுப்பிய பூச்சிகளுக்குப் பெயரிட்டவரும் இதே ஃபாப்ரிசியசுதான். தமிழகக் கடற்கரைக்கும் ஐரோப்பிய வகைப்பாட்டியலுக்கும் உள்ள உறவு அத்துணைத் தொன்மையுடையது. பின்னர், 1837இல், பிரெஞ்சு அறிஞர் வால்கெனர் டெசிஸ் என்னும் பேரினத்தை வகுத்தார்.

கேம்பல் முனை வழக்கு

நியூசிலாந்தின் தென்தீவில், குக்கு நீரிணையின் தென்வாயிலில் கேம்பல் முனை உள்ளது. அங்கு வாழ்ந்த சி. எச். ராப்சன் என்பவர் ஓதவிடைப் பாறைகளில் ஒரு சிலந்தியைக் கண்டார். கல்துளைக்கும் சிப்பிகள் விட்டுச்சென்ற துளைகளில் அது குடியிருந்தது. துளைவாயை நெருக்கமான இழையால் மூடி நீர் புகாது தடுத்திருந்தது. நியூசிலாந்து நிறுவனத்தின் பத்தாம் தொகுதியில் ராப்சனின் குறிப்பு வெளிவந்தது. அதனோடு சேர்த்து அச்சிலந்திக்குப் பெயரிட்டவர் சேம்சு ஹெக்டர். இவர் எடின்பரோவில் பிறந்து மருத்துவம் பயின்றவர், நிலவியல் அறிஞர், 1865இல் வெலிங்டனில் தோன்றிய குடியேற்ற நாட்டு அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். அதன் வழிவந்த தே பாப்பா அருங்காட்சியகத்தில்தான், கொலென்சோ என்னும் மறைப்பணியாளர் மாவோரியரிடம் கண்டெடுத்த, தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல் மணி இன்று உள்ளது. நியூசிலாந்துத் தமிழர் அம்மணியைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அதே அருங்காட்சியகத் தலைவர் பெயரிட்ட சிலந்தி தமிழகக் கரைச் சிலந்தியின் உறவினம் என்பதைப் பேசியோர் அரியர்.

ஹெக்டர் அதற்கு இட்ட பெயர் அர்கிரோநெட்டா மரைனா. அர்கிரோநெட்டா என்பது ஐரோப்பா, ஆசியாவின் நன்னீர்க் குளங்களில் வாழும் நீர்ச்சிலந்தியின் பேரினம். நீர்ச்செடிகளுக்கிடையே மணி வடிவில் இழைக்கூடு கட்டி, மேலிருந்து காற்றுக் குமிழிகளைக் கொணர்ந்து அதனை நிரப்பி வாழ்வது அது. சுவீடன் நாட்டுக் கிளெர்க்கு 1757இல் அதற்குப் பெயரிட்டார். விலங்குப் பெயரீட்டின் தொடக்கம் லின்னேயசின் 1758ஆம் ஆண்டு நூலே என விதி இருந்தும், கிளெர்க்கின் சிலந்தி நூலுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. சிலந்தியியலார் தம் முன்னோரிடம் கொண்ட பற்று அத்தகையது.

ஹெக்டரின் முடிவை எளிதில் எள்ளிவிட இயலாது. நீரில் வாழும் சிலந்தியாக ஐரோப்பியப் புலமையுலகம் நன்கறிந்திருந்தது அர்கிரோநெட்டா ஒன்றையே. கேம்பல் முனைச் சிலந்தியும் நீருக்கடியில் காற்றைச் சேமித்து இழையறையில் வாழ்கிறது. எனவே அது நன்னீர்ச் சிலந்தியின் கடல்வழி உடன்பிறப்பு என அவர் கொண்டார். 'மரைனா' என்னும் அடைமொழியே அவ்வெண்ணத்தைக் காட்டும்: ஒன்று நன்னீர்க்குரியது, மற்றது கடலுக்குரியது. வாழ்முறை ஒத்திருப்பின் பிறப்பும் ஒத்திருக்கும் என்னும் கருதுகோள் இதனுள் மறைந்துள்ளது.

கிறைஸ்ட்சர்ச்சு நகர மருத்துவர் பவல் இதனை ஏற்கவில்லை. அடுத்த தொகுதியிலேயே அச்சிலந்தியின் உறுப்புகளை ஆராய்ந்து, அது டெசிஸ் பேரினத்தைச் சேர்ந்தது என நிறுவி, கண்டெடுத்தவரின் பெயரால் டெசிஸ் ராப்சனி என்று அழைத்தார். மருத்துவரின் கண் வாழிடத்தைக் கடந்து தாடையையும் உடலமைப்பையும் நோக்கியது. பேரினம் பற்றிய வழக்கில் வென்றவர் பவலே. ஆயினும் பெயர் பற்றிய வழக்கில் வென்றவர் ஹெக்டர். முந்தி வெளியிடப்பட்ட சிறப்புப்பெயரே நிலைக்கும் என்பது விதி; அது தவறான பேரினத்தோடு சேர்ந்து பிறந்திருந்தாலும் அவ்விதி மாறாது. ஆகவே பேரினப் பெயர் பவல் காட்டியது, சிறப்புப்பெயர் ஹெக்டர் இட்டது என இருவர் கைபட்ட பெயர் உருவாயிற்று. அடைப்புக்குறி ஹெக்டரின் பிழையையும் முதன்மையையும் ஒருங்கே காக்கிறது. பாறையில் குனிந்து சிலந்தியைக் கண்ட ராப்சனின் பெயர் மட்டும் ஒத்தபெயர்ப் பட்டியலில் ஒதுங்கியது. விதி நேரியதே, ஆயினும் நன்றி பாராட்டுதல் அவ்விதியின் நோக்கமன்று.

குடும்பம் காணல்

பேரினம் தெளிந்தபின், அப்பேரினம் எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்னும் வினா எழுந்தது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரெசினால்டு இன்னிசு போக்காக்கு 1895இல் டெசிடே என்னும் குடும்பத்தை நிறுவினார். பிரித்தானிய இந்திய விலங்கு வரிசையில் சிலந்தியினம் பற்றிய நூலை 1900இல் எழுதியவரும் இவரே. 1902இல் டெசிஸ் பேரினத்தைத் தனியே ஆராய்ந்து ஆத்திரேலிய இனம் ஒன்றையும், 1903இல் சான்சிபார் இனத்தையும் விளக்கினார். 1904இல் கார்டினரின் மாலத்தீவு, இலட்சத்தீவுப் பயணத்தில் கிடைத்ததற்கு டெசிஸ் கார்டினெரி எனப் பெயரிட்டார். இந்தியக் கடற்பரப்பிலிருந்து இப்பேரினம் நூலேறியது இவ்வாறே.

தமிழ் மரபின் வகைப்பாட்டை இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தோன்றும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அதில் எறும்பும் கறையானும் மூன்றறிவின. நண்டும் தும்பியும் நான்கறிவின. சிலந்தி பெயர் சுட்டப்படவில்லை. கடல்வாழ் நண்டையும் வான்வழித் தும்பியையும் வாழிடம் நோக்காது ஒரே படியில் வைத்தமை எண்ணத்தக்கது. திணைக் கோட்பாடோ இதற்கு நேர்மாறாக நிலத்தை முதலாக வைத்து உயிரையும் தொழிலையும் அதன் கருப்பொருளாக்குகிறது. நிலத்தைக் கொண்டு வகுப்பதும் உயிரின் இயல்பைக் கொண்டு வகுப்பதும் ஆகிய இரு முறைகளையும் தமிழர் அறிந்திருந்தனர். ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுக்கவில்லை. இன்றைய அறிவியற் கண்டுபிடிப்பைத் தொல்காப்பியர் முன்னரே கூறிவிட்டார் என்று இதனை வளைப்பது அந்நூலுக்கும் அறிவியலுக்கும் இழைக்கும் தீங்காகும்.

நியூசிலாந்தில் ஆர். ஆர். ஃபார்சுடர் தம் 'நியூசிலாந்துச் சிலந்திகள்' வரிசையின் மூன்றாம் பகுதியில், 1970இல், டெசிடே குடும்பத்தை விரிவாக ஆராய்ந்தார். அக்குடும்பத்தின் உறுப்பினருட் பெரும்பான்மையும் நிலத்தில் வாழ்பவை என்பது கருதத்தக்கது. கடல்வாழ்வு டெசிஸின் தனிப்பட்ட தேர்வு, குடும்பச் சொத்தன்று. 1983இல் மக்வீன், மக்லே ஆகியோர் டெசிஸ் மரைனா எவ்வாறு நெடுநேரம் நீரடியில் வாழ்கிறது என ஆராய்ந்தனர். மாவோரியர் ரிமுராபா என அழைக்கும் பெரும்பாசியின் பற்றுவேர்களுக்குள் அமைந்த இழையறைகள் குறைந்தது 19 நாட்கள் தொடர்ந்து மூழ்கியிருக்கக்கூடும் எனவும், அச்சிலந்தியின் உயிர்வளித் தேவை மிகக் குறைவு எனவும் அவர்கள் காட்டினர். அர்கிரோநெட்டா மேலிருந்து காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. டெசிஸ் இருக்கும் காற்றைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. ஹெக்டர் ஒன்றெனக் கண்ட வாழ்முறையே அணுகி நோக்கின் இரண்டாகிவிட்டது.

2017இல் வெளிவந்த, மரபணு வரிசைகளை அடிப்படையாகக் கொண்ட சிலந்திக் குலமர ஆய்வு அர்கிரோநெட்டாவை டிக்டினிடே குடும்பத்தில் வைத்தது. டெசிஸ் தன் குடும்பத்திலேயே நின்றது. அக்குடும்பமோ வேறு சில குடும்பங்களையும் உள்வாங்கி விரிந்தது. இரண்டும் வெவ்வேறு வழிகளில் நீரை அடைந்தவை என்பதே இதன் பொருள்.

குருசடையும் கிரேவ்லியும்

ஃபிரடெரிக்கு என்றி கிரேவ்லி கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிப் பின் 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கியவர். சிலந்தியே அவர் முதற்காதல். ஓநாய்ச் சிலந்தி, பொந்துச் சிலந்தி, நீள்தாடைச் சிலந்தி எனக் குடும்பம் குடும்பமாக இந்தியச் சிலந்திகளை அவர் ஆராய்ந்து வந்தார். அவர் காலத்தில் அருங்காட்சியகம் புதிய வரிசையாகத் தன் ஆய்விதழைத் தொடங்கியபோது, இயற்கை வரலாற்றுப் பிரிவின் முதல் வெளியீடாக 1927இல் வந்தது 'மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுக் கரைவாழ் உயிரினங்கள்' என்னும் தொகுதி. பாம்பனுக்கு அருகே, பவளப்பார் சூழ்ந்த சிறுதீவு குருசடை. அரைநாணிகளுள் ஒன்றான பலனோகுளோசசு அங்குக் கிடைப்பதால், விலங்கியல் பயிலும் மாணவர் பலர்க்குப் பாடநூல் வழியே அறிமுகமான பெயர் அது. அத்தொகுதியின் சிலந்தியினப் பகுதியிலேதான் டெசிஸ் இனெர்மிஸ் பிறந்தது.

பேரினம் எது என்பதில் கிரேவ்லிக்கு ஐயம் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. கேம்பல் முனை வழக்கு முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கடலில் வாழ்வதால் இது இன்னது என்னும் வாதம் ஓய்ந்து, தாடையின் பல்லமைப்பும் உணர்காலின் வடிவும் பேசும் காலம் வந்திருந்தது. அடைப்புக்குறியற்ற அப்பெயர் ஹெக்டரின் பிழையாலும் பவலின் திருத்தத்தாலும் சமைந்த பாதையில் நடந்தது.

இனித் தமிழியலார் கருதத்தக்கது. குருசடைத் தொகுதி வெளிவந்த ஐந்தாம் ஆண்டில், 1932இல், கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் இணைந்து சென்னை அருங்காட்சியகத்திலுள்ள தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களின் அட்டவணையை வெளியிட்டனர். 1934இல் நாகரம், வேசரம், திராவிடம் எனச் சிற்ப நூல்கள் கூறும் மூவகைக் கோயில் அமைப்பைப் பற்றி அவ்விருவரே எழுதினர். 1936இல் கிரேவ்லியின் 'இந்தியக் கோயிற் கட்டடக்கலைச் சுருக்கம்' வந்தது. ஆண்டு பொறிக்கப்படாத செப்புத் திருமேனியை எக்காலத்தது எனக் கூறுவது எவ்வாறு? திருமாலின் கைகளில் சங்கும் சக்கரமும் அமைந்த முறை, அவற்றைச் சூழ்ந்த தீச்சுடரின் அமைப்பு, மார்பிலுள்ள திருமறுவின் வடிவம் என எளிதில் கண்ணிற்படாத சிறுகூறுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தினர். எத்தெய்வத்தின் உருவம், எக்கோயிலுக்குரியது என்பன வாழிடம் போன்றவை. விரலிடைச் சக்கரத்தின் திருப்பமோ உறுப்பமைப்பு. படிமவியலார் எளிதாகக் கடந்து செல்லும் இடத்தில் சிலந்தியியலார் நின்று நோக்கினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு முன்னோடி உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த ழூவோ துப்ரேயில் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், தூணின் போதிகையும் கூடும் காலந்தோறும் மாறிய வகையைக் கொண்டு கோயில்களின் காலத்தைக் கணித்தார். உயிரியலின் படிமுறை மாற்றக் கருத்தை அவர் கல்லில் கண்டார். கிரேவ்லிக்கு அக்கருத்து இரவல் அன்று. நாள்தோறும் நுண்ணோக்கியின் கீழ்ப் பயின்றது. தமிழகக் கலைவரலாற்றை எழுதுவோர் அவருடைய அட்டவணையைக் குறிப்பிடும்போது அவர் விலங்கியலாளர் என்பதை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லி நிறுத்துகின்றனர். அது அவ்வட்டவணையின் முறையியலுக்கே வேர் என்பது என் கருத்து.

எஞ்சிய வழக்கு

ஓர் இனத்தின் பெயருக்கு இறுதிச் சான்று அதன் மூலமாதிரியும் முதல் விளக்கமுமே. இந்தியப் பெருங்கடல் சூழ்ந்த கரைகளில் சான்சிபாரின் குராசுலண்டி, இலட்சத்தீவின் கார்டினெரி, குருசடையின் இனெர்மிஸ், மலாய்க் கரையின் மார்டென்சி என்னும் நான்கு பெயர்கள் நிற்கின்றன. அவை 1872 முதல் 1927 வரை வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு அறிஞரால், வெவ்வேறு அளவு விரிவுடன் எழுதப்பட்டவை. குஞ்சுச் சிலந்திகள் நீரோட்டத்திலும் மிதவைப் பொருள்களிலும் தொலைவு செல்லக்கூடுமாயின், இவற்றுட் சில ஒரே இனத்தின் இருபெயராதல் கூடும். பவளத் தீவுதோறும் தனித்துப் பிரிந்திருப்பின் நான்கும் நான்காகவே நிற்கும். இது நூலகத்தில் அமர்ந்து தீர்க்கும் வழக்கன்று.

இத்தகைய வழக்கு எவ்வாறு தீரும் என்பதற்குப் பசிபிக் கரையில் எடுத்துக்காட்டு உண்டு. 2017இல் பேயர், இரேவன், ஆர்ம்சு ஆகியோர் குயின்சுலாந்துப் பவளக்கரைச் சிலந்தி ஒன்றை டெசிஸ் பாப்மார்லேயி எனப் பெயரிட்டனர். ஓதம் ஏறினும் வற்றினும் என்னும் பொருளுடைய பாடலைப் பாடிய சமைக்கா இசைஞர் பாப் மார்லேயின் நினைவாக இட்ட பெயர் இது. செய்தித்தாள்கள் பெயரை மட்டும் கொண்டாடின. அக்கட்டுரையின் கடினமான பணியோ வேறு. சமோவாவிலிருந்து லுட்விக்கு கோக்கு 1872இல் விளக்கிய வோராக்சு இனத்தை மீண்டும் முழுமையாக விளக்கி, அதனோடு ஒப்பிட்ட பின்னரே குயின்சுலாந்துச் சிலந்தி புதியது எனத் துணிந்தனர். பழைய பெயரைத் தெளிவாக்காமல் புதிய பெயர் இடவில்லை.

மன்னார் வளைகுடாவில் அப்பணிக்கு வேண்டிய இடம் இன்னும் உள்ளது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பவளக்கல் எடுத்தமையால் அதற்கு முன்னும் பின்னும் பார்கள் சிதைந்தன. தீவுகளுள் சில கடலில் அமிழ்ந்தும் போயின. டெசிஸ் வாழ்வது உயிருள்ள பவளத்தில் அன்று. இறந்து பொந்து விழுந்த பவளக்கல்லில். எடுத்துச் செல்வோர்க்கும் அக்கல்லே எளிதில் கைக்கு வருவது.

குருசடையில் இனெர்மிஸைத் தேடுவோர்க்கு வனத்துறையின் இசைவு வேண்டும். ஓத வேறுபாடு குறைவாதலால் பார் வெளிப்படும் நேரமும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவு வற்றமே ஏற்ற காலம். வளர்ந்த ஆண் சிலந்தி வேண்டும், ஏனெனில் அதன் உணர்காலின் நுனியே இனத்தை இனத்திலிருந்து பிரித்துக் காட்டும் உறுப்பு. புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே, அடிப்பக்கம் கீழாக, திரும்ப வைக்க வேண்டும். வெயில்பட்ட இழையறையில் அடுத்த ஓதத்திற்குள் எதுவும் எஞ்சுவதில்லை.